வால்வு மூடிய சனிக்கிழமை

போன கோடையில் ஒரு நாள் சமையலறை சிங்க் குழாயிலிருந்து என் ஓஸ் கழன்றுகொண்டது. நான் ஹாலில் மீன்தொட்டியின் பக்கத்தில் நின்று, தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஓஸின் இந்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அது நன்றாகவே வந்துகொண்டிருந்தது. தரை நிறைந்து, சுவரோரம் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து, கீழே இறங்கி, ஹவுஸ் ஓனர் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை நனைத்துவிட்டது. தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓனர் வீட்டு அக்கா ஒரு நாளைக் கிழித்தால் ஒரு வாரம் சேர்ந்து வந்தது. ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டிய நிலைமை அவருக்கு.

அன்று சாயங்காலம் ஓனர் மேலே வந்தார். தொட்டியை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார்.

"இத பாருப்பா. இது மொத தபா, உட்டுட்டேன். இன்னொரு தபா இந்த மீன் தொட்டியால தண்ணிப் பிரச்சன வந்துச்சின்னு வெச்சிக்க, தொட்டி இந்த வூட்ல இருக்கக் கூடாது. நீ இருக்கலாம். தொட்டி இருக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். என் மனைவிதான் பேசினாள். "அது போச்சின்னா இவரும் போயிடுவாருண்ணா. ரெண்டும் ஒண்ணுதான். வாயத் தொறந்து தொறந்து மூடும், சத்தம் வராது."

ஓனர் சிரிக்காமல் இறங்கிப் போனார்.

அவர் கெட்டவர் இல்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவும் பின்தெருவும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் போட்ட நிலம். இப்போது அதில் வீடுகள் நிற்கின்றன. பயிர் போய்விட்டாலும் தண்ணீர் பாய்ச்சுகிற புத்தி போகவில்லை. மாடியில் யார் எத்தனை முறை குளிக்கிறார்கள் என்பதை மோட்டார் ஓடுகிற நேரத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டு மாடியில், வாரம் ஒரு முறை மூன்றடித் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் புதுசாக நிரப்புகிற ஆள் நான். எட்டு வருடம் என்னை வைத்திருந்ததே பெரிய மனசு.

நான் அதிகம் பேசமாட்டேன். அடக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அடக்கம் எல்லாம் இல்லை, கூச்சம்தான். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால் சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்குகிற இடம் வரை போய், அங்கே இறங்கித் திரும்ப நடந்து வருவேன். ஒரு தடவை முடிச்சூர் தாண்டி ஒரு சின்ன ஸ்டாப்பில் இறங்க வேண்டியவன் படப்பை வரைக்கும் போய்விட்டேன். அங்கே இறங்கியும் ஏன் வந்தேன் என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்து ஒரு டீ குடித்தேன்.

ஐந்தாவதோடு படிப்பு நின்றது. தாம்பரத்தில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடையில் வேலை. மிஷினுக்கு முன்னால் குனிந்தால் யாருக்கும் முகம் காட்ட வேண்டியதில்லை, அதனால் இருபது வருடமாக அங்கேயே இருக்கிறேன். பக்கத்துக் கடை மீன் கடை. தின்கிற மீன் இல்லை, பார்க்கிற மீன். அந்தக் கடைக்காரருக்கு ஸ்கூட்டர் சீட் கிழிந்தபோது தைத்துக் கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் கவரில் தண்ணீர் ஊற்றி நாலு கப்பி மீனைப் போட்டு என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி வந்தேன். ஆறு மாதத்தில் நாலு அறுபது ஆனது. அவைகளுக்குக் கூச்சம் என்பதே கிடையாது.

மீன் வளர்ப்பதில் எனக்குப் பிடித்தது, அவை "அப்புறம்?" என்று கேட்பதில்லை. மனிதர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அப்புறம் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் மிச்ச நாளை எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தெரியாது.

முதலில் தண்ணீர் மாற்றுவது பக்கெட்டில்தான். முதுகு பிடித்துக்கொண்டது. வெளிநாட்டில் சிங்க் குழாயிலேயே ஓஸை மாட்டி நேராகத் தொட்டியில் விடுகிறார்கள் என்று மீன் கடைக்காரர் செல்போனில் காட்டினார். நானும் பச்சை ஓஸ் ஒன்று வாங்கி, சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் குழாயில் சுற்றி மாட்டினேன். அதுதான் காலண்டரை நனைத்தது.

அதற்குப் பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன். கார் சீட்டுக்குப் போடுகிற ரெக்சினைக் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றி, அதன் மேல் ஓஸை ஏற்றி, இரண்டு கிளிப் போட்டு முறுக்கினேன். இனிமேல் குழாய் சுவரை விட்டு வந்தாலும் வரும், ஓஸ் குழாயை விட்டு வராது. காற்றுகூட நுழைய முடியாது. இன்னொன்று, தண்ணீர் வேகமாக வரும்போது ஓஸ் பாம்பு மாதிரித் துள்ளி வெளியே விழுந்துவிடக் கூடாது என்று, மறுமுனையில் ஒரு கல்லைக் கட்டித் தொட்டியின் அடியில் இறக்கினேன். இரண்டும் தொட்டியைக் காப்பாற்றுவதற்காகச் செய்ததுதான். இரண்டும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தன. ஆறாம் வகுப்பில் இதையெல்லாம் சொல்லித் தருவார்களோ என்னவோ.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அன்றைக்குப் பெருமாளுக்குப் படையல். மாதம் பூராவும் கவுச்சி கிடையாது. கறிக்கடைக்காரரே நாமம் போட்டுக்கொண்டு கடை வாசலில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். எங்கள் சீட் கவர் கடைக்கும் லீவு. ஓனர் வீட்டில் படையல் பெரிசாக நடக்கும், அக்கா காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரமாட்டார், ஓனரும் நாமம் போட்டுக்கொண்டு பூஜை ரூமில் இருப்பார். மோட்டார் சத்தத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். தண்ணீர் மாற்ற இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நினைத்தேன்.

பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, ஓஸை மாட்டி, குழாயைத் திறந்து எடுத்ததில் பாதி நிரம்பியிருக்கும், தண்ணீர் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் நின்றால் யாரும் குழாயை மூடமாட்டோம். திறந்தேதான் விடுவோம். மூடிவிட்டால் தண்ணீர் திரும்ப வந்தது எப்படித் தெரியும்? குழாய் சளி பிடித்த மாதிரி இருமும், காற்றைத் துப்பும், பிறகு வரும். அந்த இருமலைக் கேட்டதும் வீட்டில் யார் எங்கே இருந்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். நானும் குழாயைத் திறந்தபடியே விட்டேன்.

"யோவ், சும்மாதான நிக்கிற?" என்று மனைவி கேட்டாள். "வாழ எல வாங்கியா. நுனி எலயா பாத்து வாங்கு. போன வருசம் மாதிரி கிழிசல வாங்கினு வராத."

"தண்ணி வந்துச்சின்னா?"

"வந்தா நான் பாத்துக்கறேன். போ."

போனேன். ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான் படி இறங்கியதும் அக்காவுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கக் கீழே போய்விட்டாள். வீட்டில் யாரும் இல்லை. குழாய் திறந்திருந்தது. ஓஸின் முனை தொட்டியின் அடியில் கல்லோடு கிடந்தது.

இலைக்காரரிடம் ஒரே கூட்டம். எனக்கு அஞ்சு, எனக்குப் பத்து என்று எல்லோரும் கத்துகிறார்கள். நான் கத்த வேண்டிய முறை வரட்டும் என்று காத்திருந்தேன். கத்துவதற்கு முறை எல்லாம் கிடையாது என்பது எனக்கு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. அப்போது மிச்சம் இருந்தது கிழிசல் இலைதான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

கீழ் வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். மறுபடி காலண்டர் நனைந்துவிட்டது, தெருவே கூடிவிட்டது என்று நினைத்தேன். யார் கண்ணிலும் படாமல் வாசல் பக்கத்துப் படியில் ஏறி மேலே ஓடினேன்.

சமையலறைத் தரை காய்ந்திருந்தது. ஹால் தரையும் காய்ந்திருந்தது. தொட்டியில் மட்டும் தண்ணீர் இல்லை. நாலு விரல்கடைதான் மிச்சம். கப்பிகள் எல்லாம் மூலையில் ஒரே கொத்தாக, தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் வராத நேரத்துக் கூட்டம் மாதிரி நெருக்கிக்கொண்டு நின்றன. கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். விடவில்லை. அப்போதுதான் ஓஸின் முனையில் இருந்த கல்லைச் சுற்றி மணல் மெதுவாக நகர்ந்து ஓஸின் வாய்க்குள் போவது தெரிந்தது. கல்லோடு ஓஸை வெளியே தூக்கினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று அது காற்றை உள்ளே இழுத்தது. கட்டைவிரலை வைத்தேன். கன்றுக்குட்டி மாதிரி விரலை உறிஞ்சியது.

அதே நேரம் கீழே ஒரு பெரிய சத்தம். "நின்னுடுச்சி! தண்ணி நின்னுடுச்சி! கோவிந்தா!"

"கோவிந்தா, கோவிந்தா!" என்று ஒரு கூட்டம் பின்பாட்டுப் பாடியது.

நான் ஓஸும் கையுமாக நின்றேன். மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"இன்னாய்யா, இங்க நின்னுகினு கீற? கீழ பெருமாள் வந்துகீறாரு!"

"எங்க?"

"அக்கா வூட்டுக் குழாய்ல! மீனா வந்துகீறாரு! மேல டேங்கக் கழுவறதுக்கு அக்காவோட தம்பி வால்வ மூடிட்டான். டேங்குல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா அக்கா குழாயத் தொறந்தா தண்ணி கொட்டுது. பொங்கலுக்கு, புளியோதரைக்கு, பாயாசத்துக்கு எல்லாத்துக்கும் புடிச்சாங்க. கடசியா தீர்த்தச் சொம்புல புடிச்சா, உள்ள ஒரு மீனு. தங்க வாலு. நாமத்துக்கு நேரா நின்னுச்சாம்."

நான் தொட்டியைக் காட்டினேன்.

அவள் தொட்டியைப் பார்த்தாள். ஓஸைப் பார்த்தாள். ஓஸ் போன வழியே போய் சிங்க் குழாயைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டு, "தொட்டி போச்சுய்யா" என்றாள்.

போச்சு. ஓனர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

"யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத" என்றாள். "உனக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்ல."

உண்மைதான். வாயைத் திறக்காமல் இருப்பதில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. தொட்டி தப்பித்துவிட்டது என்றே நினைத்தேன். அவள் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டே, "படையல் முடிஞ்சதும் சொம்புல பச்சக் கற்பூரம் போட்டு எல்லாருக்கும் தீர்த்தம் குடுக்கப் போறாங்களாம்" என்று சொன்னாள்.

"மீன எடுத்துட்டா?"

"பெருமாள யாருய்யா எடுப்பாங்க? அவரு உள்ளதான் இருப்பாரு."

பச்சைக் கற்பூரம் விழுந்தால் கப்பி பத்து நிமிடம்கூடத் தாங்காது. அறுபதில் ஒன்று போனால் எனக்கே தெரியப் போவதில்லை. அப்படித்தான் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். தொட்டியில் நிற்கிற மற்றவை பிழைக்க வேண்டுமானால் அது ஒன்று போகட்டும். இதையெல்லாம் நன்றாகவே யோசித்தேன். யோசித்து முடிக்கும்போது பாதிப் படி இறங்கியிருந்தேன்.

பூஜை ரூமில் நிற்க இடம் இல்லை. எதிர்வீட்டுக்காரி முதல் வரிசையில் இருந்தாள். நடுவில் பித்தளைச் சொம்பு, அதில் பட்டையாக நாமம், உள்ளே துளசி. பக்கத்தில் அக்காவின் தம்பி, டேங்க் கழுவ மடித்துக் கட்டின லுங்கியோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வால்வ மூடினது நான். என் கையால மூடினேன். டேங்குக்குள்ள எறங்கி நின்னுகினு கீறேன், காலு கூட நனையல. இங்க அக்கா தொறந்தா தண்ணி! எங்கேந்து வருது சொல்லு? நீயே சொல்லு!"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தில் யாரோ சொம்புக்குள் ஒரு காசைப் போட்டார்கள். உடனே இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். எட்டிப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவுள்ள குட்டி. காசு ஒன்று விழும்போதெல்லாம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்து துளசிக்கு அடியில் ஒளிந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அக்கா பச்சைக் கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"போடாதீங்கக்கா."

யாரோ சொன்னார்கள் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா?" என்றார் அக்கா. எட்டு வருடத்தில் நான் அவரிடம் பேசியது மொத்தமே வாடகை கொடுக்கும்போது "இந்தாங்க" என்பதுதான்.

"அதப் போடாதீங்க. கொஞ்சம் உள்ள வாங்க."

என் மனைவி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இவரு ஊர்ல மீன் ரூபத்துல வந்தா கற்பூரம் போட மாட்டாங்க, காட்டத்தான் காட்டுவாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு ஊர் என்று ஒன்று இருந்தால் அது குரோம்பேட்டைதான். ஆனால் கூட்டம் தலையாட்டியது.

அக்காவும் ஓனரும் தம்பியும் சமையலறைக்கு வந்தார்கள். மனைவி கடைசியாக வந்து கதவைச் சாத்தினாள். அடுப்பில் வெங்கலப் பானையில் பொங்கல், தாம்பாளத்தில் புளியோதரை, குண்டானில் பாயாசம். நெய் வாசனை ஆளைத் தூக்கியது. நாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தேன், எந்தத் தண்ணீரைக் கொடுப்பார்கள் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

"அது என் மீனு" என்றேன்.

ஓனருக்குப் புரியவில்லை. "இன்னாது உன் மீனு?"

"சொம்புல கீறது. எங்க தொட்டில இருந்தது. ஓஸ் உள்ள முங்கி இருந்துச்சி. குழாய மூடாம போயிட்டேன்."

முதலில் புரிந்தது தம்பிக்குத்தான். நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்ய! மேல வால்வு மூடிக்கீது, கீழ நீ தொறக்கற, நடுவுல இவன் ஓஸு தண்ணில முங்கி கீது. இழுக்கும்ல! வண்டிலேந்து டியூப் போட்டு பெட்ரோல் இழுப்போமே, அதே மேட்டரு! இவன் தொட்டித் தண்ணி பூரா உனுக்குதான் வந்துகீதுக்கா!"

அக்கா மெதுவாகத் திரும்பி அடுப்பைப் பார்த்தார்.

"அப்ப பொங்கலு?"

தம்பி பானையை எட்டிப் பார்த்தார்.

"புளியோதர?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் ரெண்டு டம்ளர் காபி குடிச்சேனேடி" என்றார் ஓனர்.

"இன்னிக்கு காபி சூப்பரா கீது, தண்ணிக்கே ஒரு ருசி கீதுன்னு சொன்னீங்களே" என்றார் அக்கா.

ஓனர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தம்பி நிலைமையைச் சரி செய்கிற நினைப்பில், "இன்னாக்கா இப்ப, பெருமாள் மொதல்ல எடுத்த அவதாரமே மீனுதான?" என்றார்.

"நீ பேசாத. நேத்தே வந்து டேங்கக் கழுவுடான்னா, இன்னிக்கு வந்துகினு, எனுக்கு வியாக்கியானம் சொல்றியா? சுத்தமான தண்ணில சமைக்கணும்னுதானடா உன்ன வரச் சொன்னேன்!"

அக்கா கதவை ஒரு விரல்கடை திறந்து வெளியே பார்த்தார். எதிர்வீட்டுக்காரி சொம்புக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அக்கா கதவைத் திரும்பச் சாத்தினார். ரொம்ப நேரம் யோசித்த மாதிரி எனக்குத் தோன்றியது. பாயாசம் ஒரு கொதி கொதிக்கிற நேரம்தான் இருக்கும்.

"கொதிச்சது கொதிச்சதுதான்" என்றார். "கொதிச்சதுல ஒண்ணும் நிக்காது. இந்த அஞ்சு பேரத் தாண்டி ஒரு வார்த்த போவக் கூடாது. கற்பூரம் காட்டுவோம், போட வேணாம். தீர்த்தம் வேற சொம்புல, கேன் தண்ணில குடுக்கறேன்."

ஓனர் ஜன்னலைப் பார்த்தபடியே, "சாயந்தரம் மேல வரேன். தொட்டியப் பத்திப் பேசணும்" என்றார்.

படையல் நடந்தது. கோவிந்தா சத்தத்தில் சுவரெல்லாம் அதிர்ந்தது. முடிந்ததும் அக்கா ஒரு இலையை விரித்து, பொங்கலை எடுத்து வைத்து, கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டார்.

"மொதல்ல நீ சாப்புடுப்பா."

தெருவுக்கு அது எனக்குக் கிடைத்த மரியாதை. எங்கள் ஐந்து பேருக்கு மட்டும்தான் அது சோதனை என்று தெரியும். அந்தத் தண்ணீரில் அறுபது கப்பி இரவும் பகலும் என்ன செய்கின்றன என்று அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்தவன் நான்தான். அடிமணலில் சேருவதை வாரா வாரம் உறிஞ்சி எடுக்கிறவன். அக்கா கரண்டியோடு என் எதிரில் நின்றார். ஓனர் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒரு வாய் எடுத்துப் போட்டேன். சொல்லக் கூடாது, அருமையான பொங்கல். இரண்டாவது வாயை யாரும் சொல்லாமலேயே சாப்பிட்டேன். நான் கீழே விழவில்லை என்று தெரிந்ததும் அக்கா மற்ற இலைகளுக்குப் பரிமாறப் போனார். ஓனரும் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றார்.

"இன்னா ருசி! இந்த மாதிரிப் பொங்கல் நான் துன்னதே இல்ல" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அவரு குடுத்த தண்ணியாச்சே!"

என் மனைவிக்குப் புரையேறியது.

கூட்டம் கலைந்த பிறகு மீனை ஏரியில் விடப் போவதாகச் சொல்லி, அக்கா சொம்பை முந்தானையில் மூடி என் மனைவியிடம் கொடுத்தனுப்பினார். தொட்டியில் பழையபடி தண்ணீர் ஊற்றி, காசுகளை எடுத்துவிட்டு, குட்டியை உள்ளே விட்டேன். ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு கூட்டத்தில் கலந்தது. அதற்கு மேல் எது அது என்று எனக்கே தெரியவில்லை.

மதியம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா, கொடுக்கும்போது என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். மூன்று வார்த்தைக்கு மேல் அடுக்க முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஓனரும் அக்காவும் வந்தார்கள். உட்காரச் சொன்னாள் மனைவி. ஓனர் உட்காரவில்லை.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். "தொட்டிய எடுத்துடு."

"சரிண்ணா" என்றேன்.

"நாளைக்கே."

"சரிண்ணா."

"எப்படி எடுப்பாரு?" என்று அக்கா கேட்டார். ஓனர் திரும்பிப் பார்த்தார். "கேக்கறேன், எப்படி எடுப்பாரு? மூணடித் தொட்டி. படி வாசப் பக்கம் கீது. காலைல நம்ம வூட்ல மீன் வந்துச்சி, மறுநாள் மாடி வூட்லேந்து மீன் தொட்டி எறங்குதுன்னா, இவரு மீன் வளக்கறதே தெரியாத எதிர்வூட்டுக்காரிக்கு எம்மா நேரம் ஆவும் கண்டுபுடிக்க? அவ பொங்கல் வேற ரெண்டு தபா வாங்கித் துன்னா."

"கோணி போட்டு மூடி எடுக்கட்டும்."

"மூடி எடுத்தா கோணில இன்னான்னு கேப்பா. இவருகிட்ட கேட்டா இவரு இன்னா சொல்லுவாரு? நேத்து மாதிரி உண்மையச் சொல்லிடுவாரு."

காலையில் நடந்ததை அக்கா நேற்று என்று சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை. அவ்வளவு நீண்ட நாள் அது.

"பின்ன அடுத்த மாசம் எடுக்கட்டும்" என்றார் ஓனர்.

"அடுத்த மாசம் மட்டும் அவளுக்குக் கண்ணு போயிடுமா?"

ஓனர் தொட்டியையே பார்த்தார். தண்ணீர் பாய்ச்சின மனுஷன், மடை எந்தப் பக்கமும் திரும்பாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. ஓஸு தண்ணிக்குள்ள போவவே கூடாது. ஒரு சாண் மேல தூக்கி, கைல புடிச்சிகினு நிக்கணும். தொட்டி ரொம்பற வரைக்கும் நிக்கணும். புரியுதா?"

"புரியுதுண்ணா."

என் தொட்டி தப்பித்தது யாருடைய கருணையாலும் இல்லை. எதிர்வீட்டுக்காரியின் கண்ணுக்குப் பயந்துதான். அந்த அம்மாளுக்கு நான் இன்றுவரை ஒரு நன்றி சொன்னதில்லை, சொல்லவும் முடியாது.

ஓனர் கிளம்பத் திரும்பினார். அக்கா கிளம்பவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி பார்த்தார்.

"இதுல எதுப்பா அது?"

என்ன சொல்வது? அறுபது இருந்தன. எல்லாவற்றுக்கும் தங்க வால். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். விரலை நீட்டி, முன்னால் இருந்த ஒன்றைக் காட்டினேன்.

அது அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டையை மும்முரமாகத் துரத்திக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடிக் கைகூப்பினார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ஓனர் வாசற்படியில் நின்று அக்காவையும் என்னையும் அந்த மீனையும் ஒரு முறை பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கோயிலில் கட்டுகிற மாதிரி இடுப்பில் கட்டிக்கொண்டு, திரும்பி உள்ளே வந்தார்.